மறதி நோயும் மாறும் நடத்தையும்: சுண்டெலி ஆய்வுகள் உணர்த்துவன

அல்ஸைமர் நோய் என்றதும் மறதியே நம் நினைவுக்கு வருகின்றது. சாவியை வைத்த இடம் தெரியாமை, பேரனின் பெயர் நாவுக்கு வராமை, லுஹர் தொழுதோமா இல்லையா என்னும் தீராத ஐயம் ஆகியவையே இந்நோயின் முழு உருவம் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோரைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். கேட்ட கேள்வியையே நூறு முறை கேட்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் இன்சொல்லே பேசிய உம்மா, "என் வளையலை எடுத்தது நீதான்" என்று மருமகளின் மீது பழி சுமத்துவதையும், பொறுமைக்குப் பெயர்போன வாப்பா குளிப்பாட்ட வரும் மகன் மீது கையோங்குவதையும் பொறுப்பது எளிதன்று என்பார்கள். குடும்பங்கள் உடைவதும், பராமரிப்போர் மனம் தளர்வதும், முதியோரை இல்லங்களில் கொண்டு சேர்க்கும் முடிவு எடுக்கப்படுவதும் பெரும்பாலும் மறதியினால் அல்ல, இத்தகைய நடத்தை மாற்றங்களினாலேயே ஆகும்.

அரபு மொழியில் 'கரஃப்' என்றொரு சொல் உண்டு. முதுமையினால் அறிவு சீர்குலைதல் என்பதே அகராதிகள் அதற்குத் தரும் பொருள். நினைவு மட்டும் மங்குவதை அச்சொல் குறிக்கவில்லை. அறிவு முழுவதன் ஒழுங்கும் கெடுவதை அது சுட்டுகின்றது. முன்னோர் இதனைக் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். ஆயினும் இம்மாற்றங்கள் நோயின் உறுப்பா, அல்லது மறைந்திருந்த குணத்தின் வெளிப்பாடா என்னும் கேள்வி இன்றும் வீடுதோறும் எழுகின்றது. அக்கேள்விக்கு விடை தேடுவதில் எதிர்பாராத ஒரு துணை அறிவியலுக்கு வாய்த்திருக்கின்றது. அது ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி. அச்சிற்றுயிர் இந்நோயைப் பற்றி எதனைச் சொல்லவல்லது, எதனைச் சொல்லவல்லதன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறாமையில் தொடங்கிய வரலாறு

1901 நவம்பர் 25 ஆம் நாள் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்ட டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர். அந்தப் பெண்மணியிடம் முதன்முதலாகத் தென்பட்ட மாற்றம் மறதியன்று. கணவர் மீது எழுந்த காரணமற்ற பொறாமையே அது. பின்னரே நினைவு குன்றியது. பொருள்களை அங்குமிங்கும் தூக்கித் திரிந்து ஒளித்து வைத்தார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என அஞ்சிக் கூக்குரலிட்டார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்த அல்ஸைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைச் சிக்கல்களையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் ட்யூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1910 இல் அவருடைய தலைவர் எமில் கிரெபெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார்.

எனவே நடத்தை மாற்றம் என்பது இந்நோயின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இடம்பெற்றுவிட்ட ஒன்று. ஆயினும் அதன் பின்னர் பல பத்தாண்டுகள் ஆய்வாளரின் கவனம் நினைவாற்றலையே சுற்றிவந்தது. நடத்தை அறிகுறிகளை முறையாக அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை ஜெஃப்ரி கமிங்ஸும் அவர்தம் குழுவினரும் 1994 இல் வெளியிட்டனர். ஆதாரமற்ற சந்தேகம், இல்லாததைக் காணலும் கேட்டலும், கிளர்ச்சியும் வன்செயலும், மனத்தளர்ச்சி, பதற்றம், பொருந்தா மகிழ்ச்சி, எதிலும் நாட்டமின்மை, கூச்சமும் கட்டுப்பாடும் அகலுதல், எரிச்சல், நோக்கமின்றி அலைதல் என்பன அதில் அடங்கும். உறக்கக் கேடும் உணவு நாட்டத்தின் மாற்றமும் பின்னர் சேர்க்கப்பட்டு மொத்தம் 12 ஆயின. நோய்க்காலத்தில் இவற்றுள் ஒன்றேனும் தோன்றாத நோயாளி அரிது.

சுண்டெலியை நாடியது ஏன்?

மனித மூளையை உயிரோடு திறந்து பார்த்து, நோய் தோன்றுமுன் இருந்த நிலையையும் தோன்றியபின் உள்ள நிலையையும் ஒப்பிட இயலாது. மேலும், ஒரு முதியவரின் கோபத்தில் நோயின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் காயங்களுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதும் இயலாது. சுண்டெலியிடம் இவ்விரு தடைகளும் இல்லை. அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். ஒரே தாய் ஈன்ற குட்டிகளுள் சிலவற்றில் நோய் மரபணு இருக்க, ஏனையவற்றில் இல்லாதிருக்கச் செய்து, அனைத்தையும் ஒரே உணவில், ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிடலாம்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சுண்டெலிக்கு இயற்கையில் அல்ஸைமர் நோய் வருவதில்லை. படிவுகளாகத் திரளும் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத்துண்டு மனிதரிடத்தும் சுண்டெலியிடத்தும் உண்டு. எனினும் அத்துண்டின் அமினோ அமிலங்களுள் மூன்று இரண்டிற்குமிடையே வேறுபடுகின்றன. அதனால் சுண்டெலியின் புரதம் எளிதில் திரள்வதில்லை. ஆகவே இந்நோய் பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் 1990 களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட மரபணுத் திரிபுகளைச் சுண்டெலியின் கருவில் புகுத்தினர். அத்தகைய சுண்டெலிகளுள் குறிப்பிடத்தக்க முதலாவது வகை 1995 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கரென் ஷாவோவின் குழு, ஸ்வீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றின் திரிபைத் தாங்கிய 'டிஜி 2576' வகையை உருவாக்கியது. 1997 இல் 'ஏபிபி 23' வகையும், 2003 இல் படிவு, இழைச் சிக்கல் ஆகிய இரண்டையும் ஒருங்கே காட்டும் மும்மரபணுச் சுண்டெலியும், 2006 இல் ஐந்து திரிபுகளைத் தாங்கி இரண்டாம் மாதத்திலேயே படிவு தோன்றும் வகையும் வந்தன. 2014 இல் ஜப்பானின் ரைக்கென் ஆய்வு நிறுவனத்தார், புரதத்தின் அளவை மிகுவிக்காமல் சுண்டெலியின் சொந்த மரபணுவையே மனிதருடையதைப் போல் திருத்தியமைத்த வகையை வெளியிட்டனர்.

பேசாத உயிரை வினவும் முறைகள்

சுண்டெலியிடம் வினாப்பட்டியலை நீட்ட முடியாது. எனவே அதன் இயல்பான பழக்கங்களையே வினாக்களாக மாற்ற வேண்டியிருந்தது. நினைவை அளக்க ரிச்சர்ட் மோரிஸ் 1981 இல் அறிமுகப்படுத்திய நீர்த்தொட்டிச் சோதனை புகழ்பெற்றது. கலங்கிய நீரின் அடியில் மறைந்திருக்கும் மேடையை, சுற்றிலுமுள்ள அடையாளங்களைக் கொண்டு நீந்திக் கண்டடைய வேண்டும். நடத்தை அறிகுறிகளுக்கோ வேறு சோதனைகள் உள்ளன.

அச்சத்தை அளப்பதற்குச் சிலுவை வடிவில் உயரத்தில் அமைந்த நான்கு பாதைகள் உண்டு. இரண்டிற்குச் சுவர் உண்டு, இரண்டிற்கு இல்லை. இயல்பான சுண்டெலி சுவருள்ள இருளையே நாடும். வன்செயலை அளக்க, ஒரு சுண்டெலி வாழும் கூண்டினுள் அயல் சுண்டெலி ஒன்றை விட்டு, எவ்வளவு விரைவில், எத்தனை முறை தாக்குகின்றது என எண்ணுவர். நாட்டமின்மையை அறிய, வெறும் நீரையும் இனிப்பு நீரையும் அருகருகே வைப்பர்; இனிப்பை நாடாத சுண்டெலி இன்பத்தை நாடும் இயல்பை இழந்ததாகக் கொள்ளப்படும். பஞ்சுத்துண்டு ஒன்றை இரவில் கூண்டிலிட்டுக் காலையில் வந்து பார்ப்பதும் ஒரு முறை. நலமுள்ள சுண்டெலி அதனைப் பிரித்துக் கிண்ணம் போன்ற கூடு அமைத்திருக்கும். நோயுற்றதன் கூண்டில் பஞ்சு போட்டபடியே கிடக்கும். வீட்டு வேலைகளில் கைதேர்ந்த பெண்மணி ஒருவர் ஒருநாள் அடுப்பங்கரைப் பக்கமே செல்லாதிருக்கும் நிலையை இது நினைவூட்டுகின்றது.

கண்டறியப்பட்டவை

முதலாவது, வன்செயல். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 1990 களின் இறுதியில், மனித அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் மரபணுவைப் பெற்ற சுண்டெலிகள் தம் இனத்தையே கடுமையாகத் தாக்குவதைக் கண்டனர். மூளையில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயலை மாற்றும் மருந்துகளைக் கொடுத்தபோது அத்தாக்குதல் தணிந்தது என 1998 இல் அவர்கள் அறிவித்தனர். ஏபிபி 23 சுண்டெலிகளிடமும் இத்தகைய தாக்கும் போக்கு பின்னர் பதிவாயிற்று. இந்தச் சுண்டெலிக்குச் சொத்துத் தகராறு கிடையாது. மருமகளோடு மனத்தாங்கல் கிடையாது. பழைய வஞ்சமும் கிடையாது. உடன்பிறந்த சுண்டெலிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு புகுத்தப்பட்ட மரபணு ஒன்றே. எனவே அதன் சினத்திற்கு மூளையின் கேடு காரணமாக இருக்க முடியும் என்பது ஐயத்திற்கிடமின்றிப் புலனாயிற்று.

இரண்டாவது, உறக்கக் கேடு. நோயாளிகள் பலர் மாலை மயங்கும் வேளையில் அமைதியிழந்து, "வீட்டுக்குப் போக வேண்டும்" எனத் தம் வீட்டிலிருந்தே கூறுவதைக் காண்கிறோம். ஏபிபி 23 சுண்டெலிகளிடம் இதனையொத்த பொழுதுக்குழப்பம் 2004 இல் விவரிக்கப்பட்டது. சுண்டெலி இரவில் விழிக்கும் உயிர் என்பதால் அதன் 'மாலை' என்பது விடியலை ஒட்டிய பின்னிரவு. அவ்வேளையில் அவற்றின் பரபரப்பு மிகுந்தது.

இத்துறையில் மேலும் ஆழமான செய்தி 2009 இல் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மனின் குழு, சுண்டெலியின் மூளை நீரில் பீட்டா அமிலாய்டின் அளவு விழிப்பில் ஏறி உறக்கத்தில் இறங்குவதைக் கண்டது. தொடர்ந்து உறக்கம் மறுக்கப்பட்ட சுண்டெலிகளில் படிவுகள் மிகுந்தன. 2012 இல் அதே குழுவினர், படிவுகள் தோன்றியபின் சுண்டெலியின் உறக்க ஒழுங்கே குலைவதையும், தடுப்பூசி முறையால் படிவை நீக்கிய சுண்டெலிகளில் அவ்வொழுங்கு காக்கப்படுவதையும் காட்டினர். ஆக, நோய் உறக்கத்தைக் கெடுக்கின்றது. கெட்ட உறக்கம் நோயை வளர்க்கின்றது. நடத்தை அறிகுறி என்பது நோயின் நிழல் மட்டுமன்று, சில வேளை அதன் வேருக்கு நீர் வார்ப்பதாகவும் இருக்கலாம் என்பது இதன் கருத்து.

மூன்றாவது, அச்சமும் அச்சமின்மையும். மும்மரபணுச் சுண்டெலிகள் புதிய இடத்தில் உறைந்து நிற்கின்றன, சிறு ஒலிக்கும் திடுக்கிடுகின்றன. ஐந்து திரிபுச் சுண்டெலிகளோ சுவரற்ற பாதைகளில் இயல்புக்கு மாறாகத் துணிந்து உலவுகின்றன. ஒரே நோயில் ஒரு முதியவர் அறையைவிட்டு வர அஞ்சுவதும், இன்னொருவர் வாகனங்கள் விரையும் சாலையில் தன்போக்கில் இறங்குவதும் உண்டல்லவா? ஆயினும் இவ்விடத்தில் எச்சரிக்கை தேவை. சுண்டெலி தன் மீசை மயிர்களால் சுவரைத் தொட்டுணர்ந்தே நடக்கும். ஐந்து திரிபுச் சுண்டெலிகளில் அந்தத் தொடு உணர்வே பிறழ்ந்திருப்பதாகப் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. அவ்வாறாயின் சுவரை விட்டு அகல்வது துணிவினாலா, தொடுகையின் ஒவ்வாமையினாலா? இத்தகைய வினாக்களே நம்மை அடுத்த பகுதிக்கு இட்டுச் செல்கின்றன.

சாட்சியத்தின் எல்லைகள்

சாட்சி உண்மையாளராக இருப்பினும், அவர் கண்ட அளவிற்கே அவருடைய சாட்சியம் செல்லும். சுண்டெலியின் சாட்சியத்திற்கும் எல்லைகள் உண்டு.

முதலில், நோயின் முழு வடிவம் சுண்டெலியிடம் இல்லை. பெரும்பாலான வகைகளில் படிவு உண்டு. ஆனால் மனித மூளையில் நேர்வதைப்போல் நரம்பணுக்கள் பெருமளவில் அழிவதில்லை. புகுத்தப்படும் திரிபுகளோ பரம்பரை நோய்க்குரியவை. நோயாளிகளுள் அத்தகையோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. சில இனக்கலப்புகளில் இளமையிலேயே விழித்திரையை அழிக்கும் மரபணுவும் கலந்துவருவதால், மறதியால் வழி தவறிய சுண்டெலி எது, குருட்டினால் தவறியது எது என முதலில் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இரண்டாவது, சூழலின் செல்வாக்கு. ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லன்ட் ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே கருவிகளைக் கொண்டு, ஒரே நாளில் சோதித்தும் முடிவுகள் சிலவற்றில் வேறுபட்டன என்று 1999 இல் அறிவிக்கப்பட்டது. சோதிப்பவர் ஆண் என்றால் அவருடைய மணமே சுண்டெலிகளுக்கு மன அழுத்தம் விளைவிக்கின்றது எனக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014 இல் காட்டினர். விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த விசாலமான கூண்டில் வளர்ப்பதால் படிவு கூடுகின்றது என்று 2003 இல் ஓர் ஆய்வும், குறைகின்றது என்று 2005 இல் வேறோர் ஆய்வும் கூறின.

மூன்றாவது, மொழியின்றி நிகழாத அறிகுறிகளும் உள்ளன. "என் பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்னும் எண்ணத்திற்குச் சுண்டெலியிடம் நிகரில்லை. உடைமை, உறவு, நம்பிக்கைத் துரோகம் ஆகிய கருத்துகள் அறிந்த மனத்திலேதான் அவ்வெண்ணம் முளைக்கும். அகுஸ்ட டேட்டரின் பொறாமையை எந்தக் கூண்டிலும் காண இயலாது.

இவ்வெல்லைகளை மறந்ததன் விளைவை மருத்துவ உலகம் அனுபவித்தது. 1999 இல் ஒரு தடுப்பூசி சுண்டெலிகளில் படிவு தோன்றாமலே தடுத்தது. அதனை மனிதரிடம் சோதித்தபோது ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு மூளை அழற்சி ஏற்பட்டமையால் 2002 இல் சோதனை நிறுத்தப்பட்டது. அவர்களுள் பின்னர் இறந்த சிலரின் மூளைகளை ஆராய்ந்தபோது படிவு பெரிதும் நீங்கியிருந்தும் நோய் முற்றியே இருந்தது என 2008 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதே வழியில் நீண்டகாலம் பயணித்துப் பெறப்பட்ட லெகானெமாப் என்னும் மருந்து 2023 இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. தொடக்கநிலை நோயாளிகளில் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை அது 27 விழுக்காடு குறைத்தது, சரிவை நிறுத்தவில்லை.

வீட்டிற்கு வந்து சேர்ந்த பாடங்கள்

நடத்தை அறிகுறிகளைப் பொறுத்தவரை பயன் இல்லாமற்போகவில்லை. செரோட்டோனின் வழியைத் தூண்டும் சிட்டலோப்ராம் என்னும் மருந்து, அல்ஸைமர் நோயாளிகளின் கிளர்ச்சியைத் தணிப்பதாக 2014 இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டியது. ஆனால் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்னும் அந்த அளவு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதித்தமையால் பொதுப் பயன்பாட்டிற்கு உகந்ததாகவில்லை. மனநோய் மருந்துகளோ மறதி நோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தை மிகுவிக்கின்றன என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005 இலேயே எச்சரித்தது. அவ்வகையைச் சேர்ந்த பிரெக்ஸ்பிப்ரசோல் இந்நோயின் கிளர்ச்சிக்கென 2023 இல் ஒப்புதல் பெற்றபோதும் அவ்வெச்சரிக்கை உடன்வந்தது. எனவே கோபமுற்ற முதியவரை உறங்கவைக்கும் மாத்திரையை மருத்துவரின் ஆலோசனையின்றி நாமே வாங்கிக் கொடுப்பது ஆபத்தாகும்.

சூழலே நடத்தையை மாற்றும் என்று சுண்டெலிக் கூண்டு கற்பித்த பாடம் மனிதருக்கும் பொருந்துவதாகவே உள்ளது. நார்வே நாட்டில் 18 முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 352 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வலி தணிக்கும் மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டது. எட்டு வாரங்களில் அவர்களின் கிளர்ச்சி ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. அவர்கள் சினந்ததற்கு ஒரு காரணம், வலிக்கின்றது என்று சொல்லத் தெரியாமையே. திடீரெனக் குணம் மாறிய முதியவரிடம் பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தாகம், கண்ணைக் கூசும் விளக்கு, வீட்டின் இரைச்சல் ஆகியன உண்டா என முதலில் பார்ப்பது அறிவுடைமை.

இவ்விடத்தில் நம் கல்வி மரபின் ஒரு நெறிமுறையை நினைவுகூர்வது பொருத்தமாகும். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் நினைவாற்றலை நுணுகி ஆய்ந்தவர்கள். முதுமையிலோ நோயிலோ ஒருவரின் நினைவு குழம்பும் நிலைக்கு 'இக்திலாத்' எனப் பெயரிட்டனர். கூஃபாவின் அதா இப்னுஸ் ஸாயிப், பஸராவின் ஸயீத் இப்னு அபீ அரூபா போன்றோர் இந்நிலைக்கு ஆளானவர்கள். அறிஞர்கள் அவர்களைப் பொய்யர் என ஒதுக்கவில்லை. குழப்பம் தோன்றுமுன் அவர்களிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முன்னதை ஏற்றுக்கொண்டு, பின்னதைத் தயக்கத்துடன் நிறுத்திவைத்தனர். ஹிஜ்ரி 841 இல் மறைந்த அலெப்போவின் ஸிப்த் இப்னுல் அஜமீ இத்தகைய அறிவிப்பாளர்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். நோய் வந்தது அவருடைய குற்றமன்று. நோய்க்குப்பின் வந்த சொல், நோய்க்குமுன் வாழ்ந்த மனிதரை அழித்துவிடுவதுமில்லை என்பதே அந்நெறியின் உட்கிடை.

சுண்டெலி ஆய்வுகள் தம் எல்லைக்குள் நின்று உறுதிப்படுத்துவதும் இதனையே. சீறும் சுண்டெலியின் சினம் அதன் மூளையில் நேர்ந்த மாற்றத்தின் விளைவு. மனிதரின் சினத்தில் அதற்கு மேலும் பல கலந்திருக்கலாம். ஆனால் நோயின் பங்கு அதில் உண்டென்பதை இனி மறுக்கவியலாது. உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோய்களுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டிற்குக் கணக்கிட்டுள்ளது. அவர்கள் ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு குடும்பம் இருக்கின்றது. "வாப்பா மாறிவிட்டார்" என்று மனம் கசந்து நிற்கும் பிள்ளைகள், "வாப்பாவுக்கு நோய் வந்திருக்கின்றது" என்று சொல்லப் பழகுவார்களாயின், அவர் பேசிய கடுஞ்சொல்லை நோயின் கணக்கிலும், அவர் வாழ்ந்த வாழ்வை அவருடைய கணக்கிலும் எழுதிக்கொள்வார்கள். இல்லத்தில் அமைதி நிலவ அதுவே முதற்படி.